வல்சலாவின் அம்மை வந்தாளா

இன்று காலையில் அடுத்த வீட்டில் உப்பும் வற்றல் மிளகாயும் கடுகும் பிள்ளையைச் சுற்றி உழிந்து அடுப்பில் போட்டார்கள். பிள்ளைக்குக் கண்ணேறு பட்டதாம், பால் குடிக்கவில்லையாம். அந்தக் காந்தல் மணம் மதிலைத் தாண்டி என் அடுக்களைக்குள் வந்தது. எனக்கு இருமல் வருவதற்கு முன்னால் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக நின்று சிரித்தேன். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எதற்குச் சிரித்தேன் என்று உனக்குத் தெரியும். வேறு ஒருத்தருக்கும் தெரியாது. அதுதான் இப்போது எனக்குக் கஷ்டம்.

அதனால் எழுதுகிறேன். நாலாம் வகுப்பு வரை தமிழ் படித்தவள் நான். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுவதற்குத்தான் பேனா பிடித்திருக்கிறேன். நீ இருந்தால் இதைப் பார்த்து, கோழி கிண்டினது போல உண்டு பிள்ளே என்று சொல்லியிருப்பாய். சொல்லிவிட்டு முழுசாக வாசித்தும் இருப்பாய்.

வல்சலாவை நினைத்துத்தான் சிரித்தேன். நீ எனக்கு வாசித்துச் சொன்ன அந்த நாவலில் வரும் பெண். ஒரு சின்ன டவுனில் அவளுடைய அம்மை பேர்போன மந்திரவாதினி. சரடு ஓதிக் கட்டுவாள், கண்ணேறு கழிப்பாள், பேய் விரட்டுவாள். ஒரு மத்தியானம் சோறு தின்றுவிட்டுப் படுத்தவள் எழும்பவில்லை. மகளுக்கு ஒரு மந்திரமும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஆட்கள் விடுவார்களா? அம்மைக்கு உள்ளது மகளுக்கும் இருக்கும் என்று வாசலில் வந்து நின்றார்கள். தெரியாது என்று சொல்ல வாய் வராமல் அவளும் உள்ளே வரச் சொல்லிவிட்டாள்.

முதல் வேலையே ஒரு பிள்ளைக்குக் கண்ணேறு கழிப்பது. ஒரு பிடி போட வேண்டிய மிளகாயை அவள் முறத்தோடு தீயில் கொட்டினாள். தெருவே இருமியது. அந்த வழியாக வந்த பஸ் நின்று, டிரைவர் இறங்கி ஓடினார். மிளகாய் காந்தினால் கண்ணேறு இல்லை, காந்தாமல் இருந்தால்தான் உண்டு என்று நம் பக்கத்தில் சொல்வார்கள் அல்லவா. வல்சலா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, பிள்ளைக்குக் கண்ணேறு இல்லை, இந்த டவுனில் ஒருத்தருக்கும் இல்லை என்று சொன்னாள்.

அதை நீ சொன்ன அன்று எனக்குச் சோறு மண்டையில் ஏறிவிட்டது. என் முதுகில் தட்டிக்கொண்டே நீ அடுத்த பக்கத்தைப் புரட்டினாய்.

அண்டியாபீஸில் முந்திரிப் பருப்பின் தொலி உரிக்கிற பகுதியில் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். கைக்கும் கண்ணுக்கும் வேலை, காதுக்கும் வாய்க்கும் வேலை இல்லை. மற்றவர்கள் சீரியல் கதை பேசுவார்கள், மருமக்களைப் பேசுவார்கள். உனக்குப் புத்தகம். ஊர் வாயனசாலையில் இருந்து இரவல் எடுத்துவந்து பையில் சோற்றுப் பாத்திரத்துக்கு அடியில் வைத்திருப்பாய். அதனால் நீ கொண்டுவரும் எல்லாப் புத்தகத்திலும் மீன்குழம்பு மணம் இருக்கும். மத்தியானம் மாமரத்துக்குக் கீழே என்னை இழுத்துக்கொண்டு போவாய். நீ வேகமாகத் தின்றுமுடிப்பாய். நான் பைய தின்பேன். அந்த நேரம்தான் கதை.

எனக்கு மலையாளம் பேச வரும். சண்டை போடவும் வரும். எழுத்து மட்டும் தெரியாது. பஸ்ஸில் கூட போர்டைப் பார்த்து அல்ல, ஆள் கூட்டத்தைப் பார்த்து ஏறுகிறவள். நெய்யாற்றின்கரைக்கு என்று ஏறி, பூவாரில் இறங்கி, கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற கதையை நீ அண்டியாபீஸ் முழுவதும் சொல்லி எத்தனை காலம் சிரித்தாய். உனக்கு இரண்டும் வரும். உன் கண் மலையாளத்தில் ஓடும், வாய் தமிழில் சொல்லிக்கொண்டு போகும். நடுவில் ஒரு தடங்கல் இருக்காது.

புத்தகத்தில் உள்ளதை நீ அப்படியே சொல்லவில்லை என்று எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. கதையில் வருவது வடக்கே எங்கோ மலைப்பக்கத்து டவுன் என்று முதல் நாள் சொன்னாய். ஒரு வாரத்தில் வல்சலா நம் பக்கத்துச் செங்கல் கோயிலில் தொழுதுவிட்டு வந்தாள். பிறகு குன்னத்துகாலில் மரச்சீனி வாங்கினாள், களியக்காவிளைச் சந்தையில் வற்றல் மிளகாய்க்கு விலை பேசினாள். இதெல்லாம் புக்கில உண்டா என்று கேட்டேன். உண்டு, நீ சோற்றைத் தின்னு என்றாய்.

அந்த நாவலில் எனக்கு மிகவும் பிடித்தது கண்டக்டர் பேய். வல்சலாவுக்குத் தன் அம்மையை ஒரு தடவை விளித்து வரவழைக்க வேண்டும் என்று ஆசை. மந்திரம் படிப்பதற்கு இல்லை. ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். நான் செய்கிறது சரியா அம்மா என்று கேட்க வேண்டும். விளக்கு வைத்து, அரிசி பரப்பி, தெரிந்தும் தெரியாமலும் என்னவோ சொல்லி விளிப்பாள். ஒவ்வொரு தடவையும் வேறு ஆள் வந்துவிடும். முதலில் வந்தவர் செத்துப்போன பஸ் கண்டக்டர். வந்தவர் போகவில்லை. வல்சலா அடுக்களைக்கும் வாசலுக்கும் நடக்கும்போதெல்லாம் மணி அடிப்பார், உள்ளே தள்ளி நிற்கச் சொல்வார், சில்லறை கேட்பார்.

அவரை எப்படி ஒழிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரு நாள் களியக்காவிளைக்குப் பஸ் ஏறினாள். அவரும் கூடவே ஏறினார். எல்லை தாண்டி அவள் தமிழ்நாட்டுப் பஸ்ஸுக்கு மாறியபோது அவர் இந்தப் பக்கமே நின்றுவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"அந்தப் பேய்க்கு அங்கோட்டு பெர்மிட் இல்ல மக்கா" என்று நீ சொன்னாய்.

இது எந்தப் புத்தகத்திலும் இருக்காது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆனாலும் இப்போதும் களியக்காவிளையில் பஸ் மாறும்போது நான் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறேன்.

கண்டக்டருக்குப் பிறகு ஒரு சாயக்கடைக்காரர் வந்தார். வல்சலா போடுகிற சாயாவில் கடுப்பம் போதாது என்று குறை சொன்னார். பிறகு ஒரு கிழவி வந்தாள், அவள் ஆர் என்று அவளுக்கே ஓர்மை இல்லை. வல்சலா எல்லாருக்கும் சாயா போட்டுக்கொடுத்து, எனக்க அம்மையை அங்க பாத்தியளா என்று விசாரிப்பாள். ஒருத்தரும் பார்த்திருக்கமாட்டார்கள். சிரிக்க வைக்கிற கதைதான். ஆனால் அவள் அப்படிக் கேட்கிற இடம் வரும்போது நீ கொஞ்சம் மெதுவாக வாசிப்பாய். உன் அம்மை உனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போனவள் என்று எனக்குத் தெரியும்.

கடைசிப் பாகம் வரும்போது உனக்குக் கண் மங்க ஆரம்பித்தது. கண்ணுக்குள்ளே கருப்பு நூல் ஓடுகிறது என்றாய். எழுத்தெல்லாம் எறும்பு போல ஊர்ந்து போகிறது என்றாய். உனக்கு சுகர் இருந்தது, மருந்தை நினைத்தால் தின்பாய், நினைக்காவிட்டால் இல்லை. ஆஸ்பத்திரியில் கண்ணில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நாள் தெளிந்தது, பிறகு ஒன்றும் தெரியாமல் ஆனது. அதற்குள் கிட்னியும் போய்விட்டது என்றார்கள். நீ அண்டியாபீஸுக்கு வருவது நின்றது. மாமரத்துக்குக் கீழே நான் தனியாகப் போய் உட்கார்ந்தேன். அப்போதும் பைய தின்றேன், எதற்கு என்று தெரியாமல்.

வல்சலா கடைசி முறையாக அம்மையை விளிக்க உட்கார்ந்திருக்கிறாள், விளக்கு கத்தியாயிற்று, திரி எரிகிறது, அரிசி பரப்பியாயிற்று. அந்த இடத்தில் ஒரு பழைய பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்து மூடிய புத்தகம் உன் கட்டில் பக்கத்தில் அப்படியே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, வேலை விட்டதும் தினமும் நேராக உன் வீட்டுக்குத்தான் வருவேன். உன் மகன் கல்ஃபில் இருந்து லீவுக்காக அலைந்துகொண்டிருந்தான். மருமகள்தான் எல்லாம் பார்த்தாள். நல்ல பெண், குறை சொல்லக்கூடாது. ஒரு நாள் அவள் துணி துவைக்கப் போன நேரம், அந்தப் புக்கை எடு என்று நீ சொன்னாய். நான் எடுத்துக் கையில் தந்தேன்.

"எனக்கு என்னத்துக்கு? நீ வாசி."

உனக்குப் பைத்தியமா, எனக்கு மலையாள எழுத்து தெரியாதே, மருமகளை விளிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாய். அவள் வாசித்தால் ரேடியோவில் வானிலை சொல்லுகிறது போல இருக்கும், வல்சலா அங்கேயே செத்துப்போவாள் என்றாய். எனக்குத் தெரியாது என்று மறுபடியும் சொன்னேன்.

"எனக்குக் கண்ணு தெரியாது, உனக்கு எழுத்து தெரியாது. நாம ரெண்டு பேரும் இப்ப சரிக்குச் சரி ஆக்கும். வாசி பிள்ளே. எனக்கு முடிவு அறியணும்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது உன் குரல் வேறு மாதிரி ஆனது. அதைக் கேட்ட பிறகு என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

புத்தகத்தை விரித்து மடியில் வைத்தேன். வட்டம் வட்டமாக எழுத்து, சிலந்தி முட்டை போல. அதைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன். வல்சலா கண்ணை மூடினாள். அம்மையை விளித்தாள். காற்று வீசியது, விளக்கு ஆடியது. அப்புறம் வாசலில் மணி அடித்தது. கண்டக்டர் திரும்பி வந்துவிட்டார், பெர்மிட் கிடைத்துவிட்டதாம். நீ சிரித்தாய். எனக்குத் தைரியம் வந்தது. பின்னாலேயே சாயக்கடைக்காரரைக் கொண்டுவந்தேன். அந்தப் பெயர் தெரியாத கிழவியையும் கொண்டுவந்து, அவளுக்கு ஒரு பெயரும் வைத்தேன். எல்லாரும் உட்கார்ந்து சாயா குடித்தார்கள். எனக்கு அவர்களை எழுப்பி அனுப்பத் தெரியவில்லை. ஆகவே இன்னொரு தடவை சாயா கொடுத்தேன்.

"நீ பக்கமே புரட்டல்லியே" என்றாய்.

"பெரிய பக்கம் ஆக்கும்."

"எழுதினவனுக்கு ஒரு கடலாசுத் தாள் லாபம்."

நான் சத்தம் கேட்கும்படி ஒரு பக்கத்தைப் புரட்டினேன். நீ தலையணையில் முகத்தைத் திருப்பி, அம்மை வந்தாளா இல்லையா, அதைச் சொல் என்றாய்.

அதுவரை விளையாட்டாகத்தான் சொன்னேன். நீ கேட்டதும் உன் முகத்தைப் பார்த்தேன். உன் கண் எங்கேயோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, காது மட்டும் என் பக்கம் இருந்தது. இது வல்சலாவைப் பற்றிய கேள்வி அல்ல என்று எனக்கு விளங்கியது. நீ போகிற இடத்தில் உன் அம்மை இருப்பாளா, இருந்தால் உன்னை அறிவாளா என்றுதான் கேட்கிறாய். அல்லது போனவர்கள் திரும்ப ஒரு தடவை வர முடியுமா என்று கேட்கிறாய். எது என்று எனக்குத் தெரியவில்லை. வந்தாள் என்று சொன்னால் பொய். வரவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. மலையாளம் படித்திருந்தால் புத்தகத்தில் என்ன உண்டோ அதைச் சொல்லிவிட்டு, எழுதினவன் தலையில் போட்டிருக்கலாம். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நான் படிக்காததை நினைத்து வருத்தப்பட்டேன்.

வந்தாள் என்று சொன்னேன்.

எப்படி வந்தாள் என்று கேட்டாய். வேலைக்குப் போகிற பழைய புடவையில் வந்தாள், கையெல்லாம் அண்டிக்கறை, பின்வாசல் வழியாக வந்தாள் என்றேன். மந்திரவாதினி எப்போது அண்டியாபீஸில் கொட்டையின் தோடு உடைக்கப் போனாள் என்று நீ கேட்டாய். மந்திரத்தில் மட்டும் வயிறு நிறையுமா, புக்கில உண்டு என்றேன். நீ சிரித்துச் சிரித்து இருமினாய். நான் வெள்ளம் எடுத்துக் குடிக்கத் தந்தேன்.

பிறகு என்ன ஆயிற்று என்றாய். அம்மை முதலில் அடுக்களைக்குப் போனாள் என்றேன். சோற்றுப்பானையைத் திறந்து பார்த்தாள். குழம்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். வல்சலா பின்னாலேயே போய், நான் செய்கிறது சரியா அம்மா என்று கேட்டாள். அம்மை திரும்பிப் பார்த்து, புளி கொஞ்சம் கூடுதல், மற்றபடி கொள்ளாம், நல்லா இருக்கு என்று சொன்னாள்.

அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. இன்னும் பெரிதாக ஏதாவது சொல்லியிருக்கலாம். நீ கண்ணை மூடிக் கிடந்தாய். உறங்கிவிட்டாய் என்று நினைத்துப் புத்தகத்தை மூடப் போனேன்.

"அவ இனி நிக்கண்டாம் மக்கா. வல்சலா பிடிச்சு நிறுத்தாம இருக்கணும். வந்தா, பாத்தா, போவட்டு."

சரி, போய்விட்டாள் என்று சொன்னேன்.

"நான் போன பெறவு நீ என்னை விளிக்காத. நீ விளிச்சா நான் வந்திருவேன், எனக்கு நல்லா அறியும். மீன்காரன் வந்திட்டான்னு சொல்லதுக்கு என்னை அங்க இருந்து வரவழைப்ப. எனக்கும் கொஞ்சம் சும்மா இருக்கண்டாமா?"

நான் விளிக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். கண் தெரியாத உன்னிடம் தலையை ஆட்டினேன். என் கையைத் தேடிப் பிடித்து, வாயால் சொல் என்றாய். சரி பிள்ளே, விளிக்கல்ல என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் கையை விட்டாய். உன் மகன் வந்து சேர்ந்து, இரண்டு நாள் உன் பக்கத்தில் இருந்தான். அதுவும் நல்லதாயிற்று.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, நான் அந்தப் புத்தகத்தை வாயனசாலையில் திருப்பிக் கொடுக்கப் போனேன். தவணை எப்போதோ கழிந்துவிட்டது. அங்கே இருந்த பெண் உன் பெயரை நான் சொன்னதும் அபராதத்தைப் பற்றிப் பேசவில்லை. புத்தகத்தை வாங்கி மணத்திப் பார்த்து, சேச்சிக்க புக்குதான் என்றாள். எனக்குத் திரும்பி நடக்கத்தான் மனம். ஆனாலும் நின்றேன். இதில் கடைசியில் அம்மை வருவாளா என்று மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

அவள் உட்காரச் சொன்னாள். கடைசிப் பக்கங்களை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். அம்மை வரவில்லையாம். வல்சலா விளித்து விளித்துக் களைத்து, விளக்குப் பக்கத்திலேயே உறங்கிவிடுகிறாள். விடிந்ததும் ஒரு தாய் அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டுகிறாள். வல்சலா எழும்பி முகம் கழுவி, ஒரு பிடி மிளகாய் மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறாள். அதோடு கதை முடிகிறதாம்.

நல்லதாகத்தான் எழுதியிருக்கிறான். நான் அந்த பெஞ்சில் கொஞ்ச நேரம் இருந்து யோசித்தேன். ஒருத்தரும் வராவிட்டாலும் எழும்பிக் கதவைத் திறக்க வேண்டும் என்று சொல்கிறான். அது மெய்தான். இந்த மாதங்களில் நான் செய்வதும் அதுதான். காலையில் எழும்புகிறேன், அண்டியாபீஸுக்குப் போகிறேன், உன் இடத்தில் இப்போது வேறு ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் நாலு வார்த்தை பேசுகிறேன். ஆனால் இதை அன்றைக்கு நான் உன்னிடம் வாசித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்றும் நினைத்தேன். நீ சகித்திருப்பாய். உனக்கு நெஞ்சுறப்பு உண்டு. நான்தான் சகித்திருக்கமாட்டேன். எழுத்து தெரியாமல் போனது அந்த ஒரு சாயங்காலத்துக்கு உதவியது.

நான் உன்னை விளிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதினேன். பல நேரம் வாய் வரைக்கும் வந்தது. கறிவேப்பிலை பறிக்கும்போது, பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாக இருக்கும்போது, உன் பெயரின் முதல் எழுத்து வாயில் வந்து நிற்கும். விழுங்கிவிடுவேன். இப்படி எழுதுவது விளிப்பது ஆகாது என்று நினைக்கிறேன். ஆகும் என்றால் நீ கேட்காதது போல இரு.

நேற்று உன் மருமகள் என் வீட்டுக்கு வந்தாள். பலாச்சுளை கொண்டுவந்தாள். உட்கார்ந்தாள், போகிறேன் என்று எழுந்தாள், மறுபடியும் உட்கார்ந்தாள். அன்றைக்கு அம்மா அவ்வளவு சிரித்தார்களே, துணி துவைக்கிற இடத்தில் எனக்குக் கேட்டது, என்ன கதை அது என்று கேட்டாள். அவள் கண் நிறைந்திருந்தது. உனக்குச் சோறு ஊட்டினதும் குளிப்பாட்டினதும் அவள்தான், ஆனால் உன்னோடு சேர்ந்து சிரிக்க அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை.

நான் முதலில் இருந்து சொன்னேன். மிளகாயைச் சொன்னேன், கண்டக்டரைச் சொன்னேன். உன்னைப் போல எனக்கு வரவில்லை, ஆனாலும் அவள் சிரித்தாள். கடைசி விளக்கைக் கத்தவைக்கிற இடம் வந்ததும் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, சிறு பிள்ளை போல என் கையைப் பிடித்து, அம்மா வந்தார்களா சித்தி என்று கேட்டாள்.

எனக்கு இப்போது இரண்டு முடிவும் தெரியும். யோசிக்கவே இல்லை.

வந்தாள் மக்களே என்றேன். கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு போனாள்.